நிறுத்திப் பார்ப்போம்

என் நாத்தனாருக்கு இரண்டு வியாதி. ஒன்று நரம்பில் இருக்கிறது. அதற்கு டாக்டர்கள் வாயில் நுழையாத நீளத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. எந்த டெஸ்ட் வைத்தாலும் அவள் பாஸாகியே தீருவாள். முதல் வியாதிக்காவது மருந்து உண்டு. எங்கள் உயிரை வாங்கியது இரண்டாவதுதான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். வண்டியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது அவள். ஆபீஸில் உட்கார்ந்து போனில் கத்துவது நான். அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், அச்சகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் எந்த விஷயம் வந்தாலும் "நீங்க ரெண்டு பேரும் பாத்து செய்யுங்க" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

சொல்லிக்கொடுக்கிறவருக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் குழம்பிப்போய் எதையாவது மிதித்தால் இந்தப் பக்கத்திலிருந்து வண்டியை நிறுத்திவிடலாம். என் நாத்தனாரின் கால் அதன் மேலேயே தவம் கிடக்கும். அதனால் படிக்க வருகிறவர்கள் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளிடம் படித்தவர்கள் அநேகமாக முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். டெஸ்டுக்கு முந்தின நாள் வண்டியைத் தொடாதே, நன்றாகத் தூங்கு, வெந்நீரில் கையை நனைத்து நரம்பைத் தளர்த்து, அதிகாரி கேட்டால் சிரித்த முகமாகப் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று காட்டிக்கொள்ளாதே. இதுதான் அவளுடைய பாடம். இந்தப் பாடம் எங்கே போய் எங்கள் கழுத்தை அறுத்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் அவளுக்குக் கால் விரல்கள் மரத்துப்போயின. செருப்பு காலை விட்டுக் கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்து வந்தாள். பிறகு கை. கார்ச் சாவியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. நரம்பு டாக்டரம்மா கம்பி வைத்து, கரண்ட் விட்டு, முதுகில் ஊசி போட்டு நீரெடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். மின்சார ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை இருக்கிறதாம். நோய்க்கிருமியோடு சண்டை போடவேண்டிய அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வேறு வேலை இல்லாமல் அந்த உறையை அரித்துக்கொண்டிருக்கிறதாம்.

முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சல்லிசான மாத்திரை. முகம் பூசணிக்காயாக ஊதியது, சர்க்கரை ஏறியது, கால் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் இம்யூனோகுளோபுலின். நன்றாக இருக்கிற ஆயிரக்கணக்கான ஆட்கள் கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து எடுத்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். அதை மாதா மாதம் ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். நர்ஸம்மா அந்தப் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி எடுத்து வருவார். குலுக்கினால் நுரைத்துவிடுமாம்.

அதன் விலையைச் சொன்னால் உங்களுக்கும் நுரைதள்ளும். எடைக்குத் தகுந்த அளவு, அளவுக்குத் தகுந்த விலை. என் நாத்தனார் ஒல்லிக்குச்சி. அவளுக்கே ஒரு தடவை ஏற்றுகிற மருந்தின் காசில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். "உன் எடைக்கு எழுதியிருந்தா ஸ்கூலை வண்டிகளோட வித்தாலும் பத்தாது" என்று என் கணவர் சொன்னார். அவர் தானாக வாயைத் திறந்து சொன்ன ஒரே கருத்து அதுதான். அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

நல்லவேளையாக மருத்துவக் காப்பீட்டு நிதி செலவை ஏற்றுக்கொண்டது. மருந்தும் வேலை செய்தது. சில மாதங்களில் அவள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டாள், மாடிப்படி ஏறினாள், மறுபடி வண்டியில் உட்கார்ந்து நாலு பேரைத் திட்டினாள். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகப் போனது. நன்றாகப் போனதுதான் வினை.

நிதியின் ஒப்புதல் குழுவிலிருந்து கேள்வி வந்தது. நோயாளி நன்றாக இருக்கிறார் என்றால் மருந்து இன்னும் எதற்கு? நான் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்து, மருந்து கொடுப்பதால்தானே நன்றாக இருக்கிறாள், குடை பிடித்திருப்பவன் நனையவில்லை என்பதற்காகக் குடையைப் பிடுங்குவீர்களா என்று கேட்டேன். டாக்டரம்மா என்னைவிட இளையவர். தூக்கமில்லாத கண்கள். குழு கேட்பதில் தப்பு இல்லை என்றார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சொன்ன நியாயம் இது. இந்த நோய்க்கு இந்த மருந்து கேட்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் எத்தனை காலத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு நோய் தானாகவே அடங்கிவிடும். அது தெரியாமல் வருஷக்கணக்காக மருந்து ஏறிக்கொண்டிருக்கும். தலைவலி, ரத்தம் கட்டிக்கொள்வது, சிறுநீரகத்துக்குச் சிரமம் என்று அதற்கும் பக்க விளைவுகள் உண்டு. மருந்தோ எப்போதும் பற்றாக்குறை. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை விட்டால் நாதியில்லை.

"நிறுத்திப் பார்ப்போம்மா. நிறுத்தினாத்தான் தெரியும். பலம் குறைஞ்சா உடனே திரும்ப ஆரம்பிச்சுடலாம்."

அப்படியானால் எங்கள் தெருமுனையில் இருக்கிற தனியார் கிளினிக்கில் அசதிக்கும் உடம்பு வலிக்கும் இதே மருந்தைக் கைநிறையக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறார்களே, அதற்கு எந்தக் குழு கேள்வி கேட்டது என்றேன். எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர் அங்கே போய் ஏற்றிக்கொண்டு வந்து, பத்து வயசு குறைந்துவிட்டது என்று பீற்றிக்கொண்டிருந்தார். அசதிக்கு இது கேட்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றார் டாக்டரம்மா. காசு இருக்கிறவனுக்கு ஆதாரம் தேவையில்லை, எங்களுக்குத்தான் தேவையா என்று நான் கேட்டேன். அவர் மேஜை மேலிருந்த காகிதங்களை எடுத்து அடுக்கினார். என் நாத்தனார் இந்தச் சண்டை முழுவதும் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் "நிறுத்திப் பாக்கலாம், டாக்டர்" என்றாள். எனக்கு அவளை அப்படியே ஓர் அறை விடலாம் போல இருந்தது.

மருந்து நின்றது. அவ்வப்போது கூப்பிட்டுச் சோதித்தார்கள். சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு கருவி. கையில் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், முள் ஏறும். பிறகு வராந்தாவில் நடக்கவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முதல் சோதனையில் பாஸ். சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. அடுத்ததிலும் பாஸ். அதற்குள் வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திருக அவள் துணியைச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். காரில் ஏறும்போது இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பதை ஆபீஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். கேட்டால் முழங்கால் பிடித்துக்கொண்டது என்றாள்.

மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். டாக்டரம்மா எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் "பரவாயில்லை" என்றாள். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். இந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன். தேவலை என்றாலும் பரவாயில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றாலும் பரவாயில்லை. காலை யாராவது மிதித்தாலும் பரவாயில்லை. டாக்டரம்மா நம் மொழிக்காரர்தான். ஆனால் அவருக்கு அதில் ஓர் அர்த்தம்தான் தட்டுவதற்குத் தோதாக இருந்தது. திரையில் 'நலமாக உள்ளார்' என்று விழுந்ததை எட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கருவியைப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, முள் ஏறியது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முந்தின நாள் இவள் லீவு போட்டாள். மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். காலையில் குளியலறையில் வாளி நிறைய வெந்நீர் வைத்துக் கையை ஊறப்போட்டாள். ஒரு மாசமாக டி.வி. பார்க்கும்போது ரப்பர் பந்து ஒன்றை வைத்துப் பிசைந்துகொண்டிருக்கிறாள். எல்லாம் அவளுடைய பாடம்! படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டு டெஸ்டுக்குத் தயாராகி வந்திருக்கிறாள். உள்ளபடி எப்படி இருக்கிறாய் என்று பார்ப்பதற்காக வைத்த சோதனை அது. இவள் லைசென்ஸ் வாங்க வந்தவள் மாதிரி முக்கிக்கொண்டு நிற்கிறாள்.

வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. அந்தக் கருவியைச் சும்மா மெதுவாக அமுக்கித் தொலைக்க வேண்டியதுதானே, உன்னை யார் பயில்வான் பட்டத்துக்குப் போட்டி போடச் சொன்னது என்று கேட்டேன். வேண்டுமென்றே குறைத்துக் காட்டினால் அது பொய் என்றாள். அந்த மருந்துக்காக எந்தப் பிள்ளையோ காத்துக்கொண்டிருக்கிறது, பொய் சொல்லி வாங்க முடியாது என்றாள். கூட்டிக் காட்டுவதும் பொய்தான்டி என்றேன். கூட்டிக் காட்டவில்லை, இருக்கிற பலத்தைத்தான் காட்டினேன் என்றாள். லீவு போட்டுத் தூங்கிச் சேர்த்துவைத்த பலம் என்றேன். என் கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பாத்து செய்யுங்க என்றுகூடச் சொல்லவில்லை, புத்திசாலி.

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்தவர், நோயாளியே சொல்லவேண்டும், பரிசோதனையில் வரவேண்டும், வீட்டார் சொல்வதைக் குழு எடுத்துக்கொள்ளாது என்றார். நோயாளிக்கு வாயில் ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என்னை வேறு எண்ணுக்கு மாற்றினார். அந்த எண்ணில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த வாரம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், வேர்த்து விறுவிறுத்து ஆபீஸுக்குள் வந்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நாற்சந்தியில் எதிரே ஒரு சைக்கிள்காரர் வந்தாராம். இவள் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாளாம். அது எல்லோரும் செய்கிறதுதான், அதற்குத்தானே பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறது.

"பிரேக் அக்கா பிரேக் புடிக்கலைங்க" என்றாள் அந்தப் பெண். "கால் அங்கதான் இருந்துச்சு. நான் பாத்தேன். அமுக்கவே இல்லை."

சைக்கிள்காரர் குதித்து ஒதுங்கிவிட்டார். நாத்தனார் இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்திருக்கிறாள். வண்டி வழுக்கிக்கொண்டு போய், நின்றிருந்த ஒரு வேனின் பின்பக்கத்தில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். கீழே இறங்கமுடியவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன்காரர் பாவம், திட்டுவதற்காக வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளை அப்படியே ஆட்டோவில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தூக்கம் கிடையாது, வெந்நீர் கிடையாது, ரப்பர் பந்து கிடையாது. முன்பதிவு இல்லாமல் பார்க்கமுடியாது என்றவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை அச்சில் ஏற்றமுடியாது. டாக்டரம்மா வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். வெந்நீரையும் லீவையும்கூடச் சொன்னேன்.  அவர் கருவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் பல்லைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்றே சொல்லலாம். வராந்தாவில் நடக்கச் சொன்னபோது நாலு அடி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இது போதும்" என்றார் டாக்டரம்மா. "இப்போ நம்மகிட்ட தெளிவான ஆதாரம் இருக்கு. குழு மறுக்க முடியாது."

நல்ல செய்தி என்றுதான் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதுதான் ஆதாரம். அந்தச் சைக்கிள்காரர் அரை நொடி தாமதித்திருந்தால் ஆதாரம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். என் நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

உடனே ஆரம்பித்துவிடலாம் என்று சொன்னார்கள் அல்லவா? ஆஸ்பத்திரி அகராதியில் உடனே என்பதற்கு என்ன அர்த்தம் என்று நான் தெரிந்துகொண்டேன். குழு கூடவேண்டும், கூடியது. தலைவர் கையெழுத்துப் போடவேண்டும், அவர் வெளியூர் போயிருந்தார். கையெழுத்து வந்தபோது மருந்து இருப்பில் இல்லை. இருப்பில் வந்தபோது வேறு கம்பெனி மருந்தாக இருந்தது, அதற்குப் புது ஒப்புதல். நான் போனில் கத்தாத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் சமையல்காரர் மட்டும்தான். இதற்குள் அவள் மாடிப்படி ஏறுவதை விட்டாள், தனியாகக் குளிப்பதை விட்டாள். என் கணவர் தினமும் வேலையிலிருந்து வந்ததும் தங்கையைத் தூக்கி வராந்தாவில் உட்காரவைப்பார்.  உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுவார், ரொம்ப நேரம் கழுவுவார். படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒருவழியாக மருந்து வந்தது, ஏறியது. விரல் முதலில் திரும்பியது. டம்ளரைப் பிடித்தாள். கால் இன்னும் ஆடி அசைந்துதான் வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் மருந்து ஏற்றப் போனபோது கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வந்தார். ஒரு வருஷத்துக்கு ஒப்புதல் வாங்கியாயிற்று என்றார்.

"அது முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவை நிறுத்திப் பார்ப்போம்."

நான் எழுந்துவிட்டேன். ஒரு தடவை விழுந்து காட்டினது போதாதா, வருஷா வருஷம் விழுந்து காட்டணுமா, உங்கள் ஆதாரத்துக்கு இவள் கால்தான் கிடைத்ததா என்று ஆரம்பித்து நிறையப் பேசினேன். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். டாக்டரம்மா எல்லாவற்றையும் நின்று கேட்டார். அடுத்த தடவை தேதி சொல்லாமல் வேலை முடிந்த நேரத்தில் கூப்பிட்டுச் சோதிக்கிறேன், நீங்கள் சொல்வதையும் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணி, உக்காருங்க" என்றாள் என் நாத்தனார். "நிறுத்தட்டும்."

"நிறுத்தினா என்ன ஆகும்னு பாத்தோமில்லடி?"

"இந்தத் தடவை ஆச்சு. அடுத்த தடவை ஆகாமலும் இருக்கலாம். சிலருக்குத் தானாவே அடங்கிடும்னு டாக்டர் நிறுத்தறதுக்கு முன்னாடியே சொன்னாங்க. நீங்க அப்போ சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அது மட்டும்தான் காதுல விழுந்துச்சு."

நான் உட்கார்ந்தேன்.

"அந்தச் சிலர்ல நானும் ஒருத்தியா இருப்பேன்னுதான் அந்தக் கருவியை அப்படி அமுக்கினேன். எனக்கு மருந்து கிடைக்கணும்னு நீங்க எல்லாரும் நின்னீங்க, இல்லைங்கலை. அது எனக்கு வேணாம்னு ஆகணும்னு நினைக்க ஒருத்தர்கூட இல்லை, அண்ணி."

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பாட்டிலிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சரி, நிறுத்தட்டும். ஆனா அந்த மாசமெல்லாம் வண்டிப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் ஊசி குத்தியிருந்த கை ஆடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நான் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் கையைவிட்டு அவளுடைய பாதத்தைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையை உள்ளங்காலில் வைத்து, அமுக்கு பார்க்கலாம் என்றேன். அமுக்கினாள். பலம் போதாது, எனக்கே தெரிந்தது.

"இன்னும்" என்றேன்.